மச்சினன் ஸ்டார்ட் செய்த கார்

எனக்கு யாரையும் லேசில் நம்ப வராது. கார் இன்சூரன்ஸைப் புதுப்பிக்கும்போது ஏஜென்ட் சிரித்துக்கொண்டே, "இஞ்சினுக்குத் தனியா ஒண்ணு இருக்கு, சேத்துக்கிடுங்க அண்ணாச்சி, வெள்ளத்துக்கு நல்லது" என்றார். அந்தச் சிரிப்பே எனக்குப் பிடிக்கவில்லை. சொந்த வண்டியின் சேதத்துக்கென்று ஏற்கெனவே கட்டுகிறேனே, இஞ்சின் மட்டும் என்ன அடுத்த வீட்டுக்காரருடையதா என்று கேட்டு அனுப்பிவிட்டேன்.

அந்த வருட மழையில் தூத்துக்குடியில் எங்கள் தெருவே மூழ்கியது. உப்பளத்துத் தண்ணீரும் சேர்ந்து வந்து, வாசலில் நின்ற காரை பானெட் வரைக்கும் முக்கிவிட்டது. ஏஜென்டுக்குப் போன் போட்டேன்.

"தண்ணி வடிஞ்சாலும் ஸ்டார்ட் பண்ணிராதீங்க. உள்ள தண்ணியோட ஓட விட்டு இஞ்சின் போச்சுன்னா, அது உங்க தப்புன்னுருவாங்க. க்ளெய்ம் கெடைக்காது" என்றார்.

வண்டியைத் தூக்கிப்போகிற லாரிக்காரனிடம் இவருக்குக் கமிஷன் இருக்கும் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனாலும் சாவியை பீரோ மேல் வைத்து, யார் கேட்டாலும் கொடுக்காதே என்று மனைவியிடம் கண்டித்துச் சொன்னேன். மெக்கானிக், பக்கத்து வீட்டுக்காரர் என்று எல்லார் மேலும் எனக்கு ஒரு கண் இருந்தது.

தண்ணீர் வடிந்த பிறகு சேதத்தைப் பார்க்க இன்சூரன்ஸ் சர்வேயர் வந்தார். காரை விட்டுவிட்டு என்னையே கவனிப்பதுபோல் இருந்தது. சீட்டை அமுக்கிப் பார்த்தவர், சும்மா கேட்பதுபோல, "ஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா?" என்றார். ஆழம் பார்க்கிறார், நான் விடுவேனா? "சாவியத் தொடவே இல்ல சார்" என்றேன்.

அப்போது டீயோடு வந்தான் என் மனைவியின் தம்பி. மணப்பாட்டில் மீன்பிடி வள்ளம் ஓட்டுகிறவன். வெள்ளம் என்று கேட்டதும் அரிசியும் குடிதண்ணீருமாக எங்களைத் தேடி வந்தவன்.

"நான்லா ஸ்டார்ட் பண்ணுனேன் சார்" என்றான் பெருமையாக. "அத்தான் வீட்டுக்குப் பின்னால தண்ணி எறச்சிக்கிட்டு இருந்தாவ, அக்காட்ட சாவிய வாங்குனேன். கடல்ல மோட்டார் முங்கிட்டுன்னா நல்ல தண்ணி ஊத்திக் கழுவி உடனே ஓட விட்டுரணும். இல்லன்னா உப்பு தின்னுரும். இதும் ரெண்டு மட்டம் உறுமிச்சு. பெறவு டொக்குன்னு ஒரு சத்தம், நின்னுட்டு."

சர்வேயர் டீயைக் குடித்துவிட்டு என்னை வாசல் கேட் பக்கம் தனியாகக் கூட்டிப்போனார். "சீட்டு, வயரிங் எல்லாத்துக்கும் எழுதிருதேன். ஆனா ஓட விட்டாச்சு, இஞ்சினுக்குத் தனியாவும் நீங்க எடுக்கல; அதுக்கு வழியில்ல அண்ணாச்சி" என்றார்.

ஊரையே சந்தேகப்பட்டேன். அரிசி மூட்டையோடு வந்தவனைச் சந்தேகப்பட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்றுதான் உள்ளே போனேன். அவன் எங்கள் அடுக்களையில் குத்தவைத்துச் சேற்றை வழித்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தவன், "இஞ்சினுக்கும் கெடைக்கும்லா அத்தான்? நான் ஸ்டார்ட் பண்ணுனதுல ஒண்ணும் ஆயிராதுல்லா?" என்றான். குரலில் லேசாகப் பயம் தட்டியது.

"கெடைக்கும் மாப்ள" என்றேன்.

அவன் அதை அப்படியே நம்பினான்.