நீடாமங்கலத்து வயலில் அழித்த ஒலி

நான் சாக்ஸபோன் வாசிப்பவன்; ஜாஸ் என் பிழைப்பு. கணினியில் இசையமைக்கும் சுகந்தியோடு சேர்ந்து ஒரு கச்சேரிக்கு ஒப்புக்கொண்ட நாளிலிருந்து எங்களுக்குள் ஒரே இழுபறி. அவளுக்கு எல்லாம் நொடி பிசகாமல் வர வேண்டும். எனக்கோ வாசிக்கும்வரை அடுத்த சுரம் என்னவென்றே தெரியாது. பாட்டுக்கு அடிநாதமாக நனைந்த வயல்மண்ணின் ஒலிதான் வேண்டும் என்று அவள் பிடிவாதம் பிடித்ததால் இந்த ஐப்பசியில் தஞ்சாவூர் போனோம். இதுவும் ஒத்துவராவிட்டால் பிரிந்துவிடுவது என்று பேச்சு.

தஞ்சாவூரிலிருந்து நீடாமங்கலம் முப்பது கிலோமீட்டர் சொச்சம். காலைப் பேருந்தில் இடப்பக்கம் உட்காருங்கள், முகத்தில் வெயில் அடிக்காது. அங்கிருந்து ஆட்டோவில் நாலு கிலோமீட்டர்.

"பாட்டுக்குத்தான? யாரு என்ன சொல்லப்போறா, எறங்குங்க சார்," என்றார் ஆட்டோக்காரர். வயலில் இறங்கினோம்.

சுகந்தி கம்பிமுனை வைத்த மைக்குகளைச் சேற்றில் வரிசையாகக் குத்தி, வரப்பில் ஒயரை இழுத்தாள். ஹெட்போனில் மண்ணுக்கடியில் தண்ணீர் இறங்குவது கேட்டது. அத்தனை அழகு. இதோடு சேர்ந்து வாசிக்கலாம் என்று முதன்முறையாகத் தோன்றியது.

அதற்குள் வயல்காரர் ரேவதி வந்துவிட்டார், பின்னால் பத்துப் பேர். எரிவாயு தேடி ஆய்வுக்கு வருகிறவர்களும் இப்படித்தான் கம்பியும் ஒயருமாக வருவார்களாம்.

"மொதல்ல அத வெளிய எடுங்க."

"நாங்க பாட்டுக்காரங்கம்மா," என்றேன்.

"அவங்களும் ரோடு போட வந்தோம்னுதாங்க சொன்னாங்க. எங்க மாமனார் பண்ணையில கூலிக்கு நின்னு, போராடி ஜெயிலுக்கெல்லாம் போயி வாங்குன மண்ணு இது."

சாக்ஸபோனை எடுத்து வாசித்துக் காட்டினேன். கூட்டம் தணிந்தது, ஒருவர் கல்யாணத்துக்கு வருவீர்களா என்றுகூடக் கேட்டார். ரேவதி மட்டும் அசையவில்லை. ஹெட்போனை வாங்கிப் பதிவு முழுவதையும் நின்று கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கு. உங்கள நம்புறேன். ஆனா மண்ணுக்கடியில எடுத்தது இது, அந்த எரிவாயுக்காரங்க கைக்குப் போகாதுன்னு சொல்லுவீங்களா?"

சுகந்தியால் அந்த உறுதியைத் தர முடியாது. பாட்டை இணையத்தில் ஏற்றினால் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாமே. தன் இருமலைக்கூட அழிக்காமல் சேர்த்து வைப்பவள் அவள். ரேவதி பார்த்திருக்க, முழுவதையும் அழித்தாள்.

ஒலிப்பதிவுக்கு இந்தப் பக்கம் வருகிறவர்கள் ஆட்டோக்காரர் பேச்சை நம்பி இறங்காதீர்கள். வயல் யாருடையது என்று விசாரித்து, வீட்டுக்குப் போய்க் கருவியைக் காட்டிவிட்டு அப்புறம் மண்ணைத் தொடுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

திரும்பும் பேருந்தில் தஞ்சாவூர் போகிற கூட்டம் நெரித்தது. "அடிநாதம் போச்சே," என்றேன்.

சுகந்தி மடிக்கணினியை மூடிப் பைக்குள் வைத்தாள்.

"நீ உன் இஷ்டத்துக்கு வாசி. நான் பின்னால வர்றேன்."