சாரல் சீசனில் குற்றாலம்: என் நட்சத்திரம் தெரியாத ஊர்

ஜூலையில், சாரல் உச்சத்தில் இருந்தபோது தென்காசி போனேன். உல்லாசப் பயணமெல்லாம் இல்லை. முந்தின வாரம்தான் என் ஐந்து வருட ஆராய்ச்சி மண்ணாய்ப் போயிருந்தது.

விண்வெளியில் சுற்றும் அகச்சிவப்புத் தொலைநோக்கி நமக்குத் தருவது வெறும் எண்கள். எந்த எண்ணுக்கு எவ்வளவு வெளிச்சம் என்று தெரிய, ஒளி மாறாத நட்சத்திரம் ஒன்றை எடைக்கல்லாக வைத்துக்கொள்வோம். உண்மையில் அப்படி நான்கைந்து நட்சத்திரங்கள் வேண்டும். தொலைநோக்கியில் அவ்வளவு நேரம் கிடைக்காது என்று எங்கள் குழு ஒன்றோடு நிறுத்திக்கொண்டது. அதைச் சுற்றி வெதுவெதுப்பான தூசி இருப்பதை இப்போது வேறொரு குழு கண்டுபிடித்திருக்கிறது. தூசியும் அகச்சிவப்பில் ஒளிரும். ஆக, எடைக்கல்லே தப்பு, அதை வைத்து நான் அளந்த அத்தனையும் தப்பு. மறுபடி பார்க்கவும் வழியில்லை, குளிர்விக்கும் ஹீலியம் தீர்ந்து தொலைநோக்கி செத்துவிட்டது. வரும் திங்கட்கிழமை, முடிவுகள் தப்பென்று எழுதிக்கொடுத்து என் ஆய்வேட்டைத் திரும்பப் பெற வேண்டும்.

சென்னையிலிருந்து இரவு ரயில், காலை எட்டுக்குத் தென்காசி. அங்கிருந்து குற்றாலம் ஆறு கிலோமீட்டர். ஆட்டோவுக்கு இருநூறு ரூபாய்.

“மெயின் அருவில வெள்ளம். குளிக்க விடமாட்டுக்காவ. ஐந்தருவிக்குப் போவமாக்கா?” என்றார் ஓட்டுநர். அதற்கு இன்னொரு நூறு. “ஒத்தைலயா வந்தியோ? என்ன சோலி பாக்கியோ?”

என் வேலையைச் சொன்னேன். ஏன் சொன்னேனோ, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

“அந்த நட்சத்திரம் இப்பவும் அங்கனதான் இருக்கா?”

“இருக்கு அண்ணாச்சி.”

“அப்போ அதுக்கு ஒண்ணும் ஆவல. உங்களுக்குத்தான் ஆயிருக்கு.”

ஆறுதல் சொல்கிறாராம்! கோபமாக வந்தது. ஆனால் அவர் சொன்னதில் பிழை எதுவும் இல்லை.

ஐந்தருவியில் பெண்கள் பக்கம் நெரிசல். தலையில் தண்ணீர் அறைந்ததும் வாய்விட்டு அழுதேன். பக்கத்தில் நின்ற ஆச்சி, “ஏட்டி, அழுதது போதும். தள்ளி நில்லு, மத்தவளும் குளிக்கணும்லா,” என்றார். தள்ளி நின்றேன். அழுகை நிற்கவில்லை.

போகிறவர்களுக்கு: மாற்றுத்துணி இரண்டு செட் எடுத்துக்கொள்ளுங்கள், சாரலில் எதுவும் காயாது. ஒரே அருவியை நம்பிப் போகாதீர்கள். விடுதி அறை ஆயிரத்து ஐந்நூறு. விடுதிக்காரர் நட்சத்திரம் பார்க்க மொட்டைமாடி உண்டு என்பார், ஆனால் இந்த மாதங்களில் வானம் திறக்காது.

அது எனக்குத் தெரியும். இந்த மாதத்தில் மாலையானால் அந்த நட்சத்திரம் என் சென்னை வீட்டு ஜன்னலில் வந்து நிற்கும். அதைப் பார்க்கச் சகிக்காமல்தான், வானம் மூடிக் கிடக்கும் இந்த ஊருக்கு வந்தேன்.