ஃபொரெலுக்கு உதாரணம் தேடிக் காத்தான்குடிக்கு

இடைக்கால ஆங்கிலத்தில் 'ஃபொரெல்' என்றொரு சொல் இருந்தது. பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. முதலில் அதற்கு உறை, கூடு என்று பொருள். புத்தகம் வைக்கும் உறையையும் அப்படித்தான் சொன்னார்கள். பிறகு புத்தகத்துக்கு மேலட்டை போடும் தோலுக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இதைக் கட்டுரையாக எழுதி அனுப்பினேன். "உறை எப்பிடித் தோலாகும்? எங்கட ஆக்களுக்கு விளங்காது. அந்தப் பந்திய வெட்டுங்கோ" என்றார் பத்திரிகை ஆசிரியர். மாட்டேன் என்றேன். நம் ஊரிலேயே உதாரணம் கொண்டுவருகிறேன் என்று வீம்பும் பேசிவிட்டேன். சென்ற பெப்ரவரியில் கொழும்பிலிருந்து காலை ரயிலேறியது அந்த வீம்பால்தான்.

பிற்பகலில் மட்டக்களப்பு. அன்றிரவு அங்கே தங்கினேன். மறுநாள் காலை பஸ் கல்லடிப் பாலத்தில் வாவியைக் கடந்தது. நகரிலிருந்து காத்தான்குடி சுமார் ஆறு கிலோமீற்றர். குர்ஆனுக்கு உறை தைப்பவர்கள் அங்கே இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். பஸ்ஸிலிருந்து இறங்கி, அப்படி ஒருவரிடம் கூட்டிப்போகும்படி ஓட்டோக்காரரிடம் கேட்டேன்.

"ஜெஸ்மின் ராத்தாட்டயா? அவட புருசன் இண்டைக்குக் கட்டாருக்கு வேலைக்குப் போறார். தைப்பாவோ தெரியா" என்றார் அவர். அங்கே அக்காவை ராத்தா என்பார்கள்.

"பரவாயில்ல, விடுங்கோ" என்றேன். இவ்வளவு தூரம் வந்து திரும்புவதாவது!

ஜெஸ்மின் ராத்தா தையல் மெஷினில்தான் இருந்தார். பக்கத்தில் விற்பனைக்குப் புது உறைகள் அடுக்கியிருக்க, பழைய பச்சை வெல்வெட் உறை ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"இது என்ட குர்ஆன்ட உறை. அவர்ட குர்ஆனுக்கு அளவாத் தைக்கிறன். எயார்போட் வான் வாறதுக்குள்ள முடிக்கணும்."

"புதுசு இவ்வளவு இருக்கே, ராத்தா?"

"அது விக்கிறதுக்கு. இது விடிய ஒவ்வொரு சுபஹுத் தொழுகைக்கும் என்ட கை பட்ட துணி."

"அப்ப உங்கட குர்ஆனுக்கு?"

அலுமாரியின் மேல் தட்டைக் காட்டினார். அங்கே குர்ஆன் வெள்ளை உறையில் இருந்தது. "அவர் கலியாணத்துக்குப் போட்ட சட்டை. கழுவித் தைச்சிட்டன்."

வெல்வெட்டில் ஒரு துண்டு மிஞ்சியது. யாராவது சின்னப்பிள்ளையின் சட்டைக்குப் பூ வைக்கலாமே என்றேன். கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டார்.

"சட்டைக்கா? என்ன தங்கச்சி கதைக்கிறீங்க! பிரிச்சாலும் இது உறைதான். வேறொண்டுக்கும் வெட்டப்படா."

உறை என்ற பெயர் துணிக்கே ஒட்டிக்கொண்டிருந்தது; எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. ஆனால் அந்த நேரம் அது பெரிதாகப் படவில்லை. வான் வந்து ஹோர்ன் அடித்தபோது கடைசித் தையல் ஓடிக்கொண்டிருந்தது. புருசன் குர்ஆனை உறையிலிட்டார். பெட்டியில் வைக்காமல் நெஞ்சோடு அணைத்தபடி வானில் ஏறினார்.

காத்தான்குடிக்குப் போகிறவர்கள் வெள்ளிக்கிழமை நண்பகலைத் தவிருங்கள், தொழுகைக்காகக் கடைகள் பூட்டியிருக்கும். உறையிலிருக்கும் குர்ஆனைக் கேட்காமல் தொடாதீர்கள்.

நடந்ததை அப்படியே எழுதி ஆசிரியருக்கு அனுப்பினேன். மறுநாள் பதில் வந்தது: "பந்தி இருக்கட்டும். அந்த மனுசன் சுகமாப் போய்ச் சேர்ந்திட்டாரா?"