காசிராஜன் பேசிய பிரிவுரை

சங்கரன்கோவிலில் ஒரு கூட்டுறவு அலுவலகத்தில் எழுத்தராக இருந்த காசிராஜனுக்குத் தன் இங்கிலீஷ்மேல் பெரிய மயக்கம். பி.யூ.சி.யில் அந்த ஒரு பாடத்தில்தான் அவர் தேறியிருந்தார். "மிச்சம் எல்லாத்துலயும் கோட்டு அடிச்சவன்னும் சொல்லலாம்" என்று அவரே சிரிப்பார்.

எழுபத்தெட்டில் அலுவலகச் செயலாளர் பெருமாள்சாமிக்கு மாற்றல் வந்தது. முந்தின வருஷம் காசிராஜனின் மனைவி முத்துத்தாய் பிரசவத்தில் பிழைப்பாளா என்றிருந்தபோது, ஒரு கேள்வி கேட்காமல் அலுவலக ஜீப்பிலேயே பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தவர் அவர். அந்த நன்றியைப் பிரிவு உபசாரக் கூட்டத்தில் சொல்லிவிட வேண்டும், அதுவும் இங்கிலீஷில், என்று காசிராஜன் கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பேசிப் பார்த்தார்.

மேடையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். கழுத்தில் மாலையோடு பெருமாள்சாமி, அவருக்கு முன்பிருந்த செயலாளர், புதிதாக வந்திருப்பவர். மூன்று பேரைச் சேர்ந்தாற்போல் பார்த்ததும் காசிராஜனுக்கு மனப்பாடம் செய்தது மறந்து, பள்ளிக்கூடத்து இலக்கணம் நாக்கில் வந்து நின்றது. கைண்ட் என்றால் அன்பானவர், கைண்டர், அவரைவிட அன்பானவர், கைண்டஸ்ட், எல்லாரையும்விட. ஆளுக்கொன்றாகப் பங்கு வைத்தார். பெருமாள்சாமி கைண்ட், முன்னவர் கைண்டர், புதியவர் கைண்டஸ்ட்!

கைதட்டலோடு இறங்கியவரைக் கணக்கர் சேக் மைதீன் ஓரமாக இழுத்தார்.

"அண்ணாச்சி, என்ன சோலி பாத்துட்டிய! மாலை போட்டவர அடியில தள்ளிட்டு, நேத்து வந்தவர உச்சியில வச்சிட்டியளே!"

காசிராஜனுக்கு வேர்த்துக் கொட்டியது. பந்தியில் வைத்த கேசரியை அப்படியே விட்டு எழுந்தார். சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினார். பெருமாள்சாமி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்.

"சார், அது கிராமர் சார்... வரிசைக்காகச் சொல்லிட்டேன். நெசத்துல நீங்கதான் சார் கைண்டஸ்ட்."

"அது கெடக்கட்டும் வே. பிள்ள நடக்கானா?"

"நடக்கான் சார். அன்னைக்கு நீங்க ஜீப்பு தரலன்னா தாயும் பிள்ளையும் எனக்கு இல்ல சார்."

"இத மேடையில சொல்லிருக்கலாம்லா?"

"இதுக்கு இங்கிலீஷ் தெரியல சார்."

பெருமாள்சாமி வாய்விட்டுச் சிரித்தார். பஸ் நகர்ந்த பிறகுதான் காசிராஜன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மறுவாரமே புதியவர் அவரைக் குருவிகுளம் கிளைக்குத் தூக்கிப்போட்டார். ஏன் என்று கேட்டவர்களிடம் காசிராஜன் சொன்னார்: "அவருக்கு நல்லா இங்கிலீஷ் தெரியும்யா. நான் நக்கல் அடிக்கேன்னு நெனச்சிட்டாரு."