மயில்கழுத்து நிறத்தில் ஒரு பக்கம்

தொடர்கதை எழுதும் பெண்கள் கூடுகிற இணையதளம் ஒன்றில் ஐந்து வருடம் குப்பை கொட்டியவள் நான். அங்கே ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஒரு பக்கம் கொடுப்பார்கள். மேலே புனைபெயர், அதன் கீழே எழுதிய கதைகளின் வரிசை, கடைசியில் வாசகர்கள் ஏதாவது சொல்லிவிட்டுப் போக ஒரு பலகை. வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து. அதோடு விட்டிருந்தால் எல்லோரும் பிழைத்திருப்போம். சிஎஸ்எஸ் என்று ஒன்று இருக்கிறது. அந்தக் குறிமுறையில் நாலு வரி எழுதி, அமைப்புகளில் உள்ள பெட்டியில் ஒட்டினால், பக்கத்தின் நிறம், எழுத்தின் அளவு, பெட்டிகளின் ஓரம் எல்லாம் நம் இஷ்டத்துக்கு மாறிவிடும். இந்த வசதியை எங்களுக்குத் திறந்துவிட்ட மகராசன் யாரோ, நன்றாக இருக்கட்டும்.

ஒருத்தியின் பக்கத்தைத் திறந்தால் ரோஜா இதழாகக் கொட்டும். கொட்டி முடிக்கும்வரை கதையின் பெயர்கூடத் தெரியாது. இன்னொருத்தி ரோஸ் நிறத்தின் மேல் மஞ்சள் எழுத்து வைத்திருந்தாள். ரெண்டு நிமிஷம் பார்த்தால் வெங்காயம் உரித்த மாதிரி கண்ணில் தண்ணீர் வரும். மூன்றாமவள் பக்கத்தில் எழுத்து இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு ஓடிக்கொண்டே இருக்கும், துரத்திக்கொண்டு போய்த்தான் படிக்க வேண்டும். எளாவூர் சோதனைச்சாவடியில் வரிசையில் நிற்கும் லாரிகளும்தான் ஜிகினாவும் குஞ்சமும் கட்டிக்கொண்டு நிற்கின்றன. ஆனால் அவை பின்னால் பாரமும் ஏற்றிக்கொண்டு போகின்றன. இவர்களுக்குக் குஞ்சத்தோடு சரி. அதையாவது தானாக எழுதினார்களா என்றால், அதுவும் இல்லை. ஒருத்தியிடமிருந்து இன்னொருத்தி அடித்த ஈயடிச்சான் காப்பி.

இப்படியெல்லாம் பேசுகிற நான் என்ன செய்தேன் என்று கேளுங்கள். ஊருக்குத்தானே உபதேசம்!

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் எனக்கு வேலை. உள்ளே வரும் சரக்கைக் கணினியில் ஏற்றி, வெளியே போகும் சரக்குக்கு கேட் பாஸ் போட வேண்டும். மதியம் சாப்பாட்டுக்குப் பின் அரை மணி நேரம் கணினி சும்மா இருக்கும். நோட்டில் கையால் எழுதி எடுத்துப் போன கதையை அதில் தட்டச்சு செய்து போடுவது என் வழக்கம். ஒரு நாள் யாரோ தளத்தில் பொதுவில் வைத்திருந்த குறிமுறையை அப்படியே எடுத்து என் பக்கத்தில் ஒட்டினேன். மறுநாள் திறந்து பார்த்தால், என் புனைபெயருக்கு மேலே 'எங்கள் ரோஜாவனத்துக்கு வருக' என்று மின்னிக்கொண்டிருக்கிறது. எடுக்கத் தெரியாமல் ரெண்டு நாள் ரோஜாவனத்தின் சொந்தக்காரியாக இருந்தேன்.

அதற்கப்புறம் ரோஷம் வந்து முறையாகவே கற்றுக்கொண்டேன். எனக்கு வேண்டியது மயில்கழுத்து நிறம். அந்த நிறத்துக்கான எண்ணைப் பிடிக்கவே மூன்று வாரம் ஆனது. ஒரு நாள் பச்சை தூக்கல், மறுநாள் நீலம் தூக்கல். எழுத்துக்கு வெண்ணெய் நிறம், பெட்டிகளுக்குச் சரிகை போல மெல்லிய தங்க ஓரம். பலகையில் யாராவது புதிதாக எழுதினால் சிவப்பு எண்ணோடு தலைகாட்டும் மணிச் சின்னம் ஒன்று மேலே இருந்தது. சிவப்பு என் நிறத்தோடு ஒட்டவில்லை, அதையும் எடுத்தேன். அந்த மூன்று வாரத்தில் கதையில் என் கதாநாயகி பேருந்து நிறுத்தத்திலேயே நின்றுகொண்டிருந்தாள்.

இதையெல்லாம் தினமும் கேட்டுக்கொள்ள எனக்கு ஒரு ஆள் இருந்தாள். பேக்கிங் பிரிவில் வேலை பார்க்கிற அக்கா. சோழவரத்தில் கம்பெனி பஸ் ஏறினால் கும்மிடிப்பூண்டிவரை அவளும் நானும் ஒரே சீட். என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். நான் நிறத்தையும் ஓரத்தையும் பற்றி அளந்துகொண்டே வருவேன், அவள் "சர்தான்மா, சர்தான்மா" என்று தலையாட்டுவாள். தளத்தின் பெயரையும் என் புனைபெயரையும்கூடப் பீற்றிக்கொள்வதற்காகச் சொல்லி வைத்திருந்தேன். பெட்டி ஒட்டுகிறவள் எங்கே கதை படிக்கப் போகிறாள் என்று ஒரு நினைப்பு. அப்படியே படித்தாலும் ஃபோனில்தானே படிப்பாள்! ஃபோனில் கதை படிக்கிறவர்களை அன்று நான் வாசகர்களாகவே மதித்ததில்லை. என் பக்கத்தை நானே ஒரு தடவைகூட ஃபோனில் திறந்து பார்த்தது கிடையாது.

ஒரு திங்கட்கிழமை அக்கா கண் வீங்கி ஏறினாள். கவரைப்பேட்டை தாண்டும்போது மெதுவாகச் சொன்னாள். அவள் புருஷன் கொல்கத்தா லைனில் லாரி ஓட்டுகிறான் என்றுதான் எங்கள் எல்லோருக்கும் தெரியும். லாரி ஓட்டுவது நிஜம். ஆனால் ஏழு வருடமாக அவனுக்கு எல்லை தாண்டி ஆந்திராப் பக்கம் வேறு குடும்பம். இவள் வீட்டு வாசலை அவன் மிதிப்பதே இல்லை. தெருவில் யாருக்கும் சந்தேகம் வரக்கூடாது என்று இவள் என்ன செய்தாள் தெரியுமா? பதினைந்து நாளைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனுடைய பழைய காக்கிச் சட்டையை நனைத்துப் பிழிந்து வாசல் கொடியில் காயப்போடுவாள். மனுஷன் ராத்திரி வந்து விடியுமுன் போய்விட்டான் என்று தெரு நம்பிக்கொள்ளும்.

"பொண்ணுக்கு ஒரு எடம் வந்துகீது. கவரைப்பேட்டையில நல்ல குடும்பம். இது மட்டும் வெளிய தெரிஞ்சா அவ்ளோதான், கலஞ்சிடும். மாப்ள தங்கச்சி வேற எந்நேரமும் ஃபோன்ல கதை படிச்சிக்கினே இருக்குமாம், எத்தக் கேட்டாலும் கதை மாதிரியே பேசுமாம். உன் வாயத் தொறக்கக் கூடாது. பெரியபாளையத்தா மேல சத்தியம் பண்ணு."

"ஆத்தா மேல சத்தியம்க்கா" என்று அவள் உள்ளங்கையில் அடித்துச் சொன்னேன். சொல்லும்போது மனசறிந்துதான் சொன்னேன்.

பத்து நாள் ஆகவில்லை. பேருந்து நிறுத்தத்தில் நின்ற கதாநாயகியை நகர்த்த எனக்கு ஏதாவது வேண்டியிருந்தது. பதினெட்டாம் பகுதியில் அவளுக்கு ஒரு பக்கத்து வீட்டுக்காரியைக் கொண்டுவந்தேன். ஊரை மாற்றினேன், பெயரை மாற்றினேன். சட்டையை மாற்ற மனசு வரவில்லை. காக்கி, பதினைந்து நாள், ஈரம் சொட்டச் சொட்டக் கொடியில் தொங்குவது, எல்லாம் அப்படியே போட்டேன். நான் வாயைத் திறக்கவில்லையே, எழுதத்தானே செய்தேன் என்று ஒரு நியாயம் வேறு. வெட்கங்கெட்ட நியாயம்.

பலகையில் பாராட்டு வந்தது. ஒரே நாள்தான். மறுநாள் மதியம் திறந்தால் யாரோ ஒருத்தி எழுதியிருந்தாள்: 'முகப்பைப் பார்த்தால் கல்யாண மண்டபம். உள்ளே போனால் பந்தியே இல்லை. கலர் அடித்த நேரத்துக்கு ஒரு பாத்திரத்தை உருப்படியாக எழுதியிருக்கலாம்.'

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எரியாதா பின்னே? அதை அழிக்கப் பார்த்தேன், முடியவில்லை. பலகையில் வந்ததை நிர்வாகிகள்தான் அழிக்க முடியுமாம். அவர்களிடம் போய்க் கெஞ்சுவதா? எனக்குத்தான் குறிமுறை தெரியுமே! பலகையையே காட்டாதே என்று ஒரு வரி எழுதி ஒட்டினேன். பலகை இருந்த இடத்தில் சுத்தமான மயில்கழுத்து நிறம். என்ன நிம்மதி! அன்று பஸ்ஸில் அக்காவிடம் அதையும் பெருமையாகச் சொல்லியிருப்பேன், அவள் ஷிப்ட் முடிந்து வரத் தாமதமானதால் சொல்லவில்லை.

அடுத்த வாரம் முழுக்க அக்கா ஒரு மாதிரியாக வந்தாள். நான் தங்க ஓரத்தின் தடிமனைப் பற்றிப் பேசினேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். புதன்கிழமை கேட்டாள்.

"உன் கதைக்கு யாராச்சும் எதுனா எழுதிகிறாங்களா?"

"எழுதுவாங்க, வேலவெட்டி இல்லாதவங்க. நான் அதையெல்லாம் கண்டுக்கறதே இல்லக்கா."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வியாழனும் வெள்ளியும் என் பக்கத்தில்தான் உட்கார்ந்து வந்தாள். ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்களே, அந்தக் கவலை என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். திங்கட்கிழமை பஸ் ஏறியவள் என்னைத் தாண்டிப் போய் டிரைவருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்தாள். செவ்வாயும் அப்படியே. எனக்குக் கோபம்தான் வந்தது. சம்பந்தம் முடிந்ததும் திமிரைப் பார் என்று ஒரு வாரம் நானும் முறைத்துக்கொண்டு வந்தேன். அதற்கு மேல் பொறுக்க முடியாமல் ஒரு சாயங்காலம் அவள் சீட்டுக்கே போய் நின்றேன்.

"இன்னாக்கா, நான் இன்னா பண்ணேன்?"

அவள் சண்டை போடவில்லை. கைப்பையிலிருந்து ஃபோனை எடுத்து, எதையோ தொட்டு, என்னிடம் நீட்டினாள். என் புனைபெயர். என் கதைகளின் வரிசை. வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து. மயில்கழுத்தும் இல்லை, தங்க ஓரமும் இல்லை. அந்தத் தளத்தின் ஃபோன் ஆப்பில் நம் குறிமுறை எதுவுமே வேலை செய்யாது என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். கீழே பலகை பட்டப்பகலாகத் திறந்து கிடந்தது. கல்யாண மண்டபத்துக்காரி எழுதியதும், அதன் அடியில் ஊரே சிரித்து வைத்திருந்ததும் இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலே, பெயர் போடாமல் ஒன்று.

'பதினெட்டாம் பகுதியில் கொடியில் காயும் சட்டையை மட்டும் எடுத்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் எடுத்தால் புண்ணியமாகப் போகும். பெரியபாளையத்தா பேரில் கேட்கிறேன்.'

பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா என்பார்கள். நான்தான் அந்தப் பூனை. ஃபோனில் படிக்கிற ஊருக்கெல்லாம் தெரிந்த பலகையை என் ஒருத்தி கண்ணிலிருந்து மறைக்க, நானே உட்கார்ந்து குறிமுறை எழுதியிருக்கிறேன்.

"அக்கா, இத்த நான் பாக்கவே இல்லக்கா. சத்தியமா."

"சத்தியம் பண்ணாத."

ஃபோனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். அவளே தொடர்ந்தாள்.

"மூஞ்சிக்கு நேரா கேட்டா உனுக்கு அசிங்கமா பூடும்னுதான் அதுல எழுதினேன். நீ எடுத்துட்டின்னா, உனுக்கும் எனுக்கும் ஒண்ணுமே நடக்காத மாதிரி இருந்துக்கலாம்னு நெனச்சேன். அஞ்சு நாளு உன் பக்கத்துலயே குந்திக்கினு வந்தேன். நீ இன்னாடான்னா கலரு, கலருன்னு சொல்லிக்கினு வர்ற. எந்தக் கலரு? எனுக்கு வெள்ளையாத்தான தெரிஞ்சுது."

"ஞாயித்துக்கெழம... இன்னாக்கா ஆச்சு?"

"சனிக்கெழமயே நானே மாப்ள ஊட்டுக்குப் போய்ட்டேன். அந்தத் தங்கச்சிப் பொண்ணு இன்னிக்கி இல்லன்னா நாளிக்கிப் படிக்கும். கல்யாணத்துக்கு அப்பால படிச்சா என் பொண்ணு வாழ்க்கைதான பேஜாராகும்? ஒண்ணு வுடாம சொல்லிட்டேன். சட்டையக் கூடச் சொல்லிட்டேன். மாப்ளயோட அம்மா எல்லாத்தையும் கேட்டுக்கிச்சு. அப்பால, 'சட்டையத் தொவச்சது போதும், உள்ள வந்து காபி குடிம்மா'ன்னுச்சு."

சம்பந்தம் கலையவில்லை. அந்த அம்மாளின் வீட்டுப் பக்கம் திரும்பி நான் கும்பிட வேண்டும். மறுநாள் மதியம் பதினெட்டாம் பகுதியை எடுத்தேன். ஒரு மாதம் இழைத்து இழைத்துச் சேர்த்த குறிமுறை வரிகள் அத்தனையையும் பெட்டியிலிருந்து அழித்தேன். அழிக்க ஒரு நொடிகூட ஆகவில்லை. பலகையில் அவளுக்குப் பதிலாக 'மன்னிக்கவும்' என்று தட்டச்சு செய்தேன். இனி யார் படிக்க என்று அதையும் அழித்துவிட்டு கேட் பாஸ் போடப் போனேன்.

ரெண்டு மாதம் கழித்து ஒரு காலையில் அக்கா பஸ்ஸில் பத்திரிகை வைத்தாள். தட்டில் வெற்றிலை பாக்கு, குங்குமம், பத்திரிகைக் கட்டு. டிரைவரில் தொடங்கி ஒவ்வொரு சீட்டாக வந்தாள். என் சீட்டில் ஜன்னலோரம் இருந்தவளுக்கு என்னைத் தாண்டிக் கை நீட்டிக் கொடுத்தாள். அடுத்த சீட்டுக்குப் போய்விட்டாள். ஜன்னலோரத்துக்காரி மடியில் இருந்ததை எட்டிப் பார்த்தேன். பெண்ணின் பெயருக்கு மேலே தாயின் பெயர் மட்டும்தான் அச்சாகியிருந்தது. இறங்கும்வரை நான் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

கல்யாணம் நன்றாக நடந்ததாகச் சொன்னார்கள். இப்போது வழியில் பார்த்தால் "சாப்ட்டியா" என்று ஒரு வார்த்தை கேட்கிறாள், அவ்வளவுதான். இதை எழுதலாமா என்று போன மாதம் கேண்டீன் வாசலில் வைத்து அவளிடம் கேட்டேன். இந்த முறையாவது முதலில் கேட்க வேண்டும் அல்லவா? டிபன் டப்பாவைக் கழுவிக்கொண்டே யோசித்தாள்.

"எழுது. ஆனா என் சட்டைய மட்டும் தொங்கவுடாத. உன்னுதையும் சேத்துத் தொங்கவுடு."

தொங்கவிட்டிருக்கிறேன்.