வாசற்படியைத் தாண்டிய ஒயர்

பழைய லேப்டாப்பைப் பார்த்ததும் "தூக்கிப் போடுங்க" என்று சொல்லாத மெக்கானிக் ஜீஷான். வயது நாற்பத்தெட்டு. தயாரித்த கம்பெனிகளே இணையதளத்திலிருந்து எடுத்துவிட்ட கிராபிக்ஸ் டிரைவர் மென்பொருள்களை மாடல் வாரியாகச் சேர்த்து வைத்திருந்தார். அவை இல்லாவிட்டால் பழைய மெஷின்களில் படம் ஒழுங்காகத் தெரியாது.

போன வருடம் பைக் விபத்தில் முட்டி நொறுங்கியது. ஊர் சுற்ற முடியவில்லை. லஸ் பக்கத்தில் நாற்பது வீடுகள் உள்ள ஒரு குடியிருப்பு, கம்ப்யூட்டர் பராமரிப்புக்கு வருட காண்ட்ராக்ட் கொடுப்பதாகக் கேள்விப்பட்டார். கிடைத்தால், நடந்து போகிற தூரத்தில் ஒரு வருடப் பிழைப்பு.

"மொதல்ல எங்காத்து லேப்டாப்பைப் பாருங்கோ, அப்புறம் பேசலாம்" என்று போனில் சொன்னார் சங்கச் செயலாளர் ராகவேந்திரன். மூன்று மாடி ஏறி வந்தவரிடம் பெயரைக் கேட்டார். உடனே ஒரு நாற்காலி கதவுக்கு வெளியே வந்தது.

"இங்க நல்ல காத்து வரும், பாய்."

தீட்டு என்று அவர் சொல்லவில்லை. படித்தவர், காற்று என்றார்.

"பேட்டரி செத்துக் கீது சார். கரண்டு வோணுமே."

பூஜை அலமாரிப் பக்கமிருந்து ஒரு ஒயர் வாசற்படியைத் தாண்டி வந்தது. விண்டோஸ் தானாக ஏற்றிக்கொண்ட புது டிரைவர் அந்தக் கிழட்டு மெஷினுக்குப் பொருந்தாமல் திரை துடித்துக்கொண்டிருந்தது. அதை நீக்கிவிட்டுப் பழையதை ஏற்றத் தொடங்கினார் ஜீஷான். பாதியில் லேப்டாப் அணைந்தது.

"விளக்கேத்தற நேரத்துல வாசல்ல என்ன ஒயர்?" என்றபடி உள்ளே அதைச் சுருட்டிக்கொண்டிருந்தார் ராகவேந்திரனின் மனைவி ஸ்ரீலக்ஷ்மி.

மறுபடி ஒயரை நீட்டி ஆன் செய்தபோது வெறும் கறுப்புத் திரை.

"நன்னா இருந்த மெஷினைக் கெடுத்துட்டேளே!"

"நல்லா இருந்தா என்னை எதுக்கு சார் கூப்ட்டீங்க? மேடம் ஒயரைப் புடுங்கிட்டாங்க. இன்னும் இருபது நிமிஷம் குடுங்க, சரியாயிடும்."

"பண்றதையும் பண்ணிட்டு அவ மேல பழியா? எழுந்திருங்கோ."

நாற்காலி உள்ளே போனது.

இரண்டு நாள் கழித்து ராகவேந்திரனே போனில் கூப்பிட்டார். "பாய், பிரணவ்னு ஒரு பையன் வந்திருக்கான். அந்த டிரைவர் எங்கேயும் கிடைக்கலையாம். உங்ககிட்ட இருக்கா?"

ஜீஷானுக்கு அது இன்னொரு வாய்ப்பாகத் தெரிந்தது. ஃபைலை அனுப்பினார். அந்த வீட்டுக்குள் சாப்பாட்டு மேசை முன் உட்கார்ந்திருந்த பிரணவுக்கு அரை மணி நேரம் போனிலேயே ஒவ்வொரு படியாகச் சொல்லிக்கொடுத்தார். நடுவே காபி டம்ளர் வைக்கும் சத்தம் கேட்டது.

"நூறு பர்சென்ட் வந்துடுத்து!" என்றார் ராகவேந்திரன்.

"சந்தோசம் சார். அந்தக் காண்ட்ராக்ட் விசயம்..."

"அதுவா? நேத்தே பிரணவுக்குக் கையெழுத்தாயிடுத்தே. பாய், லேப்டாப் ரீஸ்டார்ட் பண்ணவான்னு கேக்கறது. பண்ணலாமா?"

ஜீஷான் முட்டியைத் தடவிக்கொண்டார்.

"பாய், லைன்ல இருக்கேளா?"

"பண்ணுங்க சார்" என்றார்.