கணக்கு வாத்தியார் மிதித்த பாட்டு

இன்றைக்கு மாங்குளத்தில் பஸ் ஏறி இருந்ததும் ஒரு பாட்டுப் போட்டார்கள். பள்ளிக்கூடத்தில் நாங்கள் நெல் அறுக்கிற அருவிவெட்டு நடனம் ஆடிய பாட்டு!

ஆனால் ஆமை மாதிரி ஊர்ந்தது.

"தம்பி, உங்கட பாட்டுச் செற் பழுதோ?" என்று நடத்துநரிடம் கேட்டேன்.

"இல்லையக்கா, இந்தப் பாட்டே இப்பிடித்தான்."

இருந்த இடத்தை விட்டு எழும்பிவிட்டேன்.

தொண்ணூற்றேழில், சண்டைக் காலம், வன்னிக்குள் மின்சாரமும் இல்லை, பற்றரியும் இல்லை. ஒத்திகைக்குக் கணக்கு வாத்தியார் சைக்கிளை ஸ்ராண்டில் விட்டு மிதிப்பார். அந்த டைனமோவில்தான் கசெற் ஓடும். மனுசன் என்ன மிதி மிதித்திருக்கிறார்! பாட்டின் வேகமே அதுதான் என்று நம்பி ஆடிப் பழகினோம்.

போட்டி நடந்த பள்ளிக்கூடத்தில் ஜெனரேற்றர் இருந்தது. பாட்டு இழுத்தது. நாங்கள் எங்கள் வேகத்தில் வெட்டி, கட்டி, சுமந்து, கும்பிட்டும் முடித்தோம். பாட்டில் பாதி மிச்சம். சபை முழுக்கச் சிரித்தது.

கசெற் போட்டது அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒருத்தி. வேண்டுமென்றே மெதுவாக ஓடவிட்டாள் என்று அழுதோம். பிறகு நான் கலியாணம் கட்டியது அவவின் தம்பியைத்தான்.

இருபது வருடமாக ஒவ்வொரு பொங்கலுக்கும் "எங்கட நடனத்தைக் கெடுத்தனீங்கள்" என்று குத்திக்காட்டுகிறேன்.

"நான் ஒண்டும் செய்யேல்லை" என்று அவவும் ஒவ்வொரு பொங்கலுக்கும் சொல்லுவா.

என்னோடு ஆடிய ஆறு பேரும் இந்தப் பதிவுக்குக் கீழே வந்து அவவிடம் மன்னிப்புக் கேளுங்கோ.

மச்சாள், நீங்கள் ஒரு விருப்பக்குறி மட்டும் போட்டால் போதும். பொங்கலுக்கு இந்தக் கதையை எடுக்க வேண்டாம்.